பண்டைய கிரேக்க, ரோமானியக் காசுகளின் கலையழகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகத்தில் காசுப் பெட்டிகளின் முன் நின்று பார்ப்பவர்கள் குறைவு. பலர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்துச் சிலையை நோக்கி நகர்ந்துவிடுகிறார்கள். கிரேக்கச் சிற்பிகள் வார்த்த வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டு அழிந்துவிட்டன. இன்று நாம் பார்க்கும் பளிங்குச் சிலைகளில் பலவும் ரோமானியர் காலத்தில் எடுத்த படிகளே. காசு அப்படியல்ல, கிரேக்கக் கலைஞன் தன் கையால் வெட்டிய அச்சின் நேரடிப் பதிவு அது. அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஒரு காசு அழகானதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

அச்சு, அடி, தேய்மானம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். அச்சை வெட்டியவர் கலைஞர். சம்மட்டியால் அடித்தவர் வேறொருவர். அதன்பின் இரண்டாயிரம் ஆண்டுகள் கைகளும் மண்ணும் உப்பும் அந்தக் காசின்மேல் வேலை செய்திருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, பளபளப்பாக இருப்பதை அழகானது என்றும் மழுங்கியதை மட்டமானது என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள். நல்ல அச்சில் பிறந்த காசு பாதி தேய்ந்தாலும் கன்னத்தின் வளைவும் கழுத்தின் திருப்பமும் நின்று பேசும். சோம்பலாக வெட்டிய அச்சின் காசு நேற்று அடித்ததுபோல் இருந்தாலும் அதில் உயிர் இருக்காது. சந்தை விலை மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும். கலையைத் தேடுபவர் முதலில் அச்சைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் காசு எப்படி அடித்தார்கள்?

முதலில் எடை பார்த்த உலோகத்தை உருக்கி வில்லைகளாக வார்ப்பார்கள். கிரேக்கக் காசுகள் பலவற்றில் வில்லை தட்டையாக இல்லாமல் நடுவில் தடித்திருக்கும். புடைப்பு உயர்ந்து எழ அந்தத் தடிப்பு உதவியது. வில்லையைச் சூடாக்கினால் உலோகம் இளகிக்கொடுக்கும். ஓர் அச்சு அடைகல்லில் பதித்துக் கீழே இருக்கும். இன்னொன்று உளிபோல் கையில் பிடிக்கும் தண்டின் முனையில் இருக்கும். சூடான வில்லையைக் குறட்டால் எடுத்துக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். பெரிய காசுக்கு ஓரடி போதாது.

அச்சுகள் இரும்பிலோ, வெள்ளீயம் மிகுந்த கடின வெண்கலத்திலோ செய்யப்பட்டவை. சம்மட்டி அடியை நேரடியாகத் தாங்கிய மேலச்சு சீக்கிரம் உடையும். அடைகல்லில் பொதிந்திருந்த கீழச்சு நீண்ட நாள் உழைக்கும். ஒரே தலை அச்சோடு பல பின்பக்க அச்சுகள் சேர்ந்து வருவது இதனால்தான். கலைஞரும் தன் சிறந்த உழைப்பையும் ஆழமான வெட்டையும் கீழச்சுக்குக் கொடுத்தார். தெய்வத்தின் தலையும் அரசனின் தலையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிரகூசா இதற்கு விலக்கு. அங்கே பல காலம் தேர்தான் கீழச்சில் இருந்தது.

அடிக்கும்போது என்னென்ன தவறும்? அவை அழகைக் கெடுக்குமா?

வில்லை நடுவில் உட்காராவிட்டால் உருவத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஏதென்ஸ் காசுகளில் அதீனா தேவியின் தலைக்கவசக் கொண்டை முழுதாக விழுந்திருப்பது அரிது. முதல் அடிக்குப்பின் மேலச்சு நழுவினால் இரட்டை விளிம்பு தெரியும். வில்லை போதிய அளவு சூடாகாவிட்டால் ஓரம் வெடிக்கும். அச்சின் ஆழமான பள்ளத்துக்குள் உலோகம் முழுதாக ஏறாவிட்டால் மூக்கும் நடுக்கூந்தலும் தட்டையாகிவிடும். தேய்ந்ததால் வந்த தட்டையா, அடி பலவீனமானதால் வந்த தட்டையா என்று கண்டுபிடிக்க அந்த இடத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். அடி சரியாக விழாத இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே தங்கியிருக்கும்.

அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசல் காசில் மெல்லிய மேட்டுக் கோடாக எழும். ஆய்வாளருக்கு இது பொக்கிஷம். விரிசல் சிறிதாக இருக்கும் காசு முன்னால் அடித்தது, பெரிதாக இருப்பது பின்னால் அடித்தது என்று வரிசை போட்டுவிடலாம். அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையின்மேல் விழுந்தால், அந்த வில்லையின் ஒரு பக்கத்தில் தலை புடைப்பாகவும் மறுபக்கத்தில் அதே தலை குழிவாகவும் வரும். டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகளில் இதை அவ்வப்போது பார்க்கலாம்.

அச்சை எப்படிச் செதுக்கினார்கள்?

எல்லாமே தலைகீழ் வேலை. கொழுக்கட்டை அச்சில்போல, காசில் மேடாக வரவேண்டியது அச்சில் பள்ளமாகவும் வலப்பக்கம் வரவேண்டியது இடப்பக்கமாகவும் இருக்க வேண்டும். நேர்முகத் தலை என்றால் மூக்கின் நுனிதான் அச்சில் மிக ஆழமான புள்ளிகளில் ஒன்று. முத்திரைக் கற்களில் குழிவெட்டு வேலை செய்தவர்களின் கலையும் இதுவும் நெருங்கிய உறவு. பெரிய வடிவங்களை முதலில் குடைந்து, பிறகு சிற்றுளியால் கூந்தல் இழை, புருவம், இமை எனக் கோடுகளை வெட்டுவார்கள். முத்துவடம், விளிம்புப் புள்ளிவட்டம் போன்றவற்றைத் துளைக்கருவியால் இடுவார்கள். பல கிரேக்க எழுத்துகளின் முனைகளில் சிறு உருண்டைகள் இருக்கும். முதலில் துளைகள் இட்டுவிட்டு அவற்றைக் கோடுகளால் இணைத்ததன் அடையாளம் அது. அவசரத்தில் எழுத்தைத் தலைகீழாக வெட்ட மறந்தவர்களும் உண்டு. அந்த எழுத்துகள் காசில் கண்ணாடிப் பிம்பமாக விழுந்திருக்கின்றன.

கிரேக்கக் காசின் புடைப்பு ஏன் அவ்வளவு உயரம்? இன்றைய காசு ஏன் அப்படி இல்லை?

இன்றைய காசு ஒரே அடியில், வளையத்துக்குள், எந்திரத்தில் பிறக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது நிற்கவும் வேண்டும். கிரேக்கக் காசுக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை, அதை எடை போட்டோ எண்ணியோ வாங்கினார்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிரேக்கக் காசுகளின் உயர்ந்த புடைப்பில் மயங்கி, தன் நாட்டுத் தங்கக் காசும் அப்படி வேண்டும் என்று சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸிடம் கேட்டார். 1907-இல் வந்த அந்த 20 டாலர் காசின் முதல் வடிவத்துக்கு எந்திரத்தில் பல முறை அடி கொடுக்க வேண்டியிருந்தது. அடுக்கினால் நிற்கவும் இல்லை. கடைசியில் புடைப்பைக் குறைத்துத்தான் புழக்கத்துக்கு விட்டார்கள்.

மிக அழகான கிரேக்கக் காசு எது?

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் எங்கள் தேர்வு சிசிலித் தீவின் சிரகூசா நகரத்துப் பத்து டிராக்மா காசு, அதாவது டெகாட்ராக்ம். டிராக்மா என்பது கிரேக்க வெள்ளிப் பணத்தின் அலகு. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொடங்கி அடித்தது. எடை சுமார் 43 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். கிமோன், யூவைனெட்டோஸ் என்ற இரண்டு கலைஞர்கள் இதற்கு அச்சு வெட்டி, தங்கள் பெயரையும் இட்டார்கள்.

இருவரும் ஒரே பெண் தலையைத்தான் வெட்டினார்கள். சுற்றிலும் நான்கு டால்ஃபின்கள் நீந்துகின்றன. ஆனால் கிமோனின் பெண்ணுக்குக் கூந்தல் வலைக்குள் அடங்கியிருக்கிறது. முகத்தில் ஓர் அரசியின் இறுக்கம். யூவைனெட்டோஸின் பெண்ணுக்கு இலைமாலை சூடிய சுருள்முடி கட்டுக்கடங்காமல் அலைகிறது, டால்ஃபின்களின் வளைவும் அந்தச் சுருள்களின் வளைவும் ஒன்றையொன்று தொடர்கின்றன. பின்னாளில் கார்த்தேஜ் உட்படப் பல இடங்களில் படியெடுத்தது யூவைனெட்டோஸின் தலையைத்தான். அதன் இனிமை உடனே பிடித்துப்போகும். கிமோனுடையது மெல்லத்தான் பிடிக்கும், ஆனால் விடாது.

மறுபக்கத்தில் நான்கு குதிரைகள் பூட்டிய தேர். தேரோட்டிக்கு மாலை சூட்ட வெற்றித் தேவதை நைக்கி பறந்து வருகிறாள். கீழே கவசம், கேடயம், தலைக்கவசம், முழங்கால் காப்பு ஆகியவை அடுக்கியிருக்கின்றன. பரிசுகள் என்று பொருள்படும் எழுத்தும் உண்டு. குதிரைகளைக் கவனியுங்கள். கி.மு. 480-ஐ ஒட்டிய சிரகூசாக் காசுகளில் அவை நடந்து போகும், ஒன்றின் பின்னால் இன்னொன்றின் விளிம்புக்கோடு மட்டும் தெரியும். எழுபது, எண்பது ஆண்டுகளுக்குள் அதே குதிரைகள் சாய்கோணத்தில் பாய்கின்றன, தலைகள் தனித்தனியாகத் திரும்புகின்றன. சில நான்கு டிராக்மா காசுகளில் அறுந்த கடிவாளம்கூடப் பறக்கிறது. விரலகலப் பரப்பில் நான்கு குதிரை, பதினாறு கால், இரண்டு சக்கரம், ஓர் ஆள், ஒரு தேவதை. எதுவும் நெரிபடவில்லை.

கையெழுத்து எங்கே என்று தேடுபவர்கள் நெற்றிப்பட்டையையும், கழுத்தின் கீழுள்ள டால்ஃபினையும் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். யூவைனெட்டோஸ் தன் முந்தைய நான்கு டிராக்மா காசு ஒன்றில், பறந்து வரும் நைக்கியின் கையில் ஒரு சிறு பலகையைக் கொடுத்து அதில் தன் பெயரை எழுதியிருக்கிறார்.

சிசிலியிலேயே இருந்த நாக்சோஸ் நகரம் கி.மு. 460-ஐ ஒட்டி வெளியிட்ட டெட்ராட்ராக்மை, அதாவது நான்கு டிராக்மா காசை, முதலிடத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை போட முடியாது. ஒரு பக்கம் மதுத் தெய்வம் டயோனிசஸின் தலை. தாடி நுனியும் பின்கொண்டையும் புள்ளிவட்டத்தைத் தாண்டி வெளியே நீள்கின்றன. மறுபக்கம் அந்தத் தெய்வத்தின் தோழன் சைலெனஸ் தரையில் குந்தி, கிண்ணத்தை உயர்த்திப் பார்க்கிறான். மடங்கிய காலும் முன்னால் நீளும் பாதமும் உண்மையான ஆழத்தோடு தெரிகின்றன. ஓவியர்களே தடுமாறிக்கொண்டிருந்த கோணம் அது.

ஏதென்ஸ் ஆந்தைக் காசு புகழ்பெற்றதுதான். ஆனால் விறைப்பாக இருக்கிறதே?

விறைப்பு வேண்டுமென்றே வைத்தது. லௌரியோன் சுரங்க வெள்ளியில் அடித்த இந்த நான்கு டிராக்மா காசு சுமார் 17.2 கிராம் எடை. எகிப்திலும் கிழக்கு நாடுகளிலும் வணிகர் இதைப் பார்த்தவுடன் வாங்கிக்கொண்டார்கள். பார்த்தினன் கோயிலைக் கட்டிய நகரத்துக்குப் புதிய பாணியில் முகம் வெட்டத் தெரியாமல் இல்லை. பக்கவாட்டு முகத்தில் முன்னிருந்து பார்த்த கண்ணை வைக்கும் பழைய முறையைத் தொடர்ந்து காப்பாற்றினார்கள். தோற்றத்தை மாற்றினால் வெளிநாட்டு வணிகன் சந்தேகப்படுவான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில்தான் கண் பக்கவாட்டுக்கு மாறியது.

ஆந்தையின் உடல் பக்கவாட்டில் நிற்க, முகம் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். பின்னால் ஒலிவக் கிளையும் சிறு பிறையும், முன்னால் நகரப் பெயரின் மூன்று எழுத்துகளும் இருக்கும். சதுரக் குழிக்குள் இவை உட்கார்ந்திருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். பல காசுகளில் உளியால் வெட்டிய ஆழமான தழும்பும் இருக்கும். உள்ளே செம்பு இருக்கிறதா என்று வாங்கியவன் சோதித்த வெட்டு அது.

ஆமை, வாற்கோதுமைக் கதிர், ரோஜா எல்லாம் காசில் ஏன்?

அவை நகரங்களின் சின்னங்கள். ஏஜினா தீவுக்குக் கடலாமை. ஸ்டேட்டர் என்ற அதன் வெள்ளிக் காசு 12 கிராமுக்குச் சற்று மேல். மெட்டபாண்டம் செழிப்பான விளைநிலம் உடைய நகரம், அதற்கு வாற்கோதுமைக் கதிர். ரோட்ஸ் தீவின் ரோஜாவும் செலினஸ் நகரத்தின் செலரி இலையும் ஊர்ப்பெயரையே படமாகச் சொல்பவை.

கலையாகப் பார்த்தால் மெட்டபாண்டத்தின் தொடக்கக் காசுகளை விட்டுவிடக் கூடாது. அகலமான, மெல்லிய வில்லை. முன்பக்கத்தில் கதிர் புடைப்பாகவும் பின்பக்கத்தில் அதே கதிர் குழிவாகவும் இருக்கும். இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டும், மில்லிமீட்டர் தவறினால் உலோகம் கிழியும். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் கிரேக்க நகரங்கள் சில மட்டுமே இந்த உத்தியைக் கையாண்டன.

நேர்முகம் காட்டும் தலைகள் ஏன் குறைவு?

மூக்கு. நேர்முகத்தில் மூக்கின் நுனியே காசின் உச்சி, அதுதான் முதலில் தேயும். பக்கவாட்டு முகத்தில் கன்னம் தேய்ந்தாலும் வெளிக்கோடு ஆளைக் காட்டிக்கொடுக்கும். அது தெரிந்தே சில கலைஞர்கள் துணிந்தார்கள். கிமோன் வெட்டிய, சிரகூசாவின் நீர்த்தேவதை அரெதூசாவின் நேர்முகத் தலையில் கூந்தலுக்குள் டால்ஃபின்கள் நுழைந்து வெளியே வருகின்றன. தெசலியின் லாரிசா நகரம் அதைப் பார்த்துத் தன் நீர்த்தேவதையை அமைத்தது. அம்ஃபிபோலிஸின் அப்போலோ, ஐனோஸின் ஹெர்மிஸ், ரோட்ஸின் ஹீலியோஸ் ஆகியவையும் இந்த வரிசையில் முதல் தரம். கிளாசோமெனை நகரத்து நேர்முக அப்போலோவில், தியோடோட்டோஸ் செய்தான் என்று கலைஞர் எழுதியே வைத்தார்.

மனித முகம் காசில் எப்போது வந்தது?

கிரேக்க உலகத்தில் அலெக்சாண்டருக்குப் பிறகுதான் அது வேர் பிடித்தது. அலெக்சாண்டரின் சொந்த வெள்ளிக் காசில் இருப்பது சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ். அவர் இறந்தபின், தளபதியாக இருந்து அரசரான லைசிமாக்கஸ் ஆட்டுக்கொம்போடு தெய்வமான அலெக்சாண்டரைக் காசில் வைத்தார். மேல்நோக்கிய பார்வையும் காற்றில் எழுந்த முடியும் கொண்ட அந்தத் தலை, இந்த வகையில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் ஆண்ட பாக்டிரியக் கிரேக்க அரசர்களின் முகங்களை நாங்கள் இன்னும் மேலே வைப்போம். யானைத்தலைத் தோலைத் தலையில் கவிழ்த்த டெமெட்ரியஸ், தட்டைத் தொப்பியும் இதழோரப் புன்னகையுமாக அன்டிமாக்கஸ். புகழ்ச்சி பூசாத, ஆளை அறிந்து வெட்டிய முகங்கள் இவை. இதே மரபில் வந்த யூக்ரடைடீஸின் 20 ஸ்டேட்டர் தங்கக் காசு 169 கிராமுக்கு மேல் எடையுள்ளது. பண்டைக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்த மிகப் பெரிய தங்கக் காசு அதுதான், பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ரோமானியக் காசுகள் கிரேக்கக் காசுகளைவிட அழகில் குறைந்தவையா?

அப்படிச் சொல்லும் பழக்கம் பழையது, நாங்கள் அதை ஏற்கவில்லை. கிரேக்கக் கலைஞர் வட்டத்துக்குள் ஓர் உருவத்தை நிறைவாக அமைப்பதைத் தேடினார். ரோமானியர் ஓர் ஆளையும் ஒரு செய்தியையும் கைமாற்ற வேண்டியிருந்தது.

முகங்களிலிருந்து தொடங்குங்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் உயிரோடு இருக்கும்போதே ரோம் அக்கசாலை (காசு அடிக்கும் கூடம்) அவர் தலையை வெள்ளி டெனாரியஸில் அடித்தது. உயிரோடிருக்கும் ரோமானியர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் இடம் அது. ஒட்டிய கன்னம், மடிப்பு விழுந்த நீண்ட கழுத்து, எதையும் மறைக்கவில்லை. முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டில் வைத்திருந்த சமூகத்துக்கு முதுமையின் கோடுகள் பெருமை.

நீரோவின் காசுகளை வரிசையாக வைத்தால் ஒரு வாழ்க்கையே ஓடும். கி.பி. 54-இல் தாய் அக்ரிப்பினாவை எதிர்நோக்கும் மெல்லிய இளைஞன், பத்தாண்டுக்குப் பிறகு தடித்த கழுத்தும் படிப்படியாகச் சீவிய முன்முடியும் கொண்ட ஆளாகிறான். மாக்சிமினஸ் 235-இல் எல்லையில் பேரரசரானபோது ரோம் அச்சுக் கலைஞர்களிடம் அவர் உருவம் இல்லை. முதல் காசுகளில் முகம் முந்தைய பேரரசர் செவெரஸ் அலெக்சாண்டரின் சாடையில் இருக்கிறது. சரியான மாதிரி வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பெரிய முகவாய் வெளிப்படுகிறது.

முகத்தை ரசிக்க ஏற்றது செஸ்டெர்டியஸ். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக் காசு, சுமார் 25 கிராம், 33 முதல் 35 மில்லிமீட்டர். நீரோ காலத்துச் செஸ்டெர்டியஸில் மார்பின் நுனியில் சிறு உருண்டை இருந்தால் அது லுக்டுனத்தில், இன்றைய லியோனில், அடித்தது.

ரோமானியப் பின்பக்கங்களில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

நீரோவின் ஆஸ்தியா துறைமுகக் காசை முதலில் பாருங்கள். மேலிருந்து பார்ப்பதுபோல் வளைந்த துறைமுகம், நடுவில் கப்பல்கள், மேலே கலங்கரை விளக்கு, கீழே சாய்ந்து படுத்த கடல்தெய்வம். அச்சுக்கு அச்சு கப்பல்களின் எண்ணிக்கை மாறும். டைட்டஸ் காலத்துக் கொலோசியக் காசில் கட்டடத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கும் மக்கள் வெறும் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். ஹாட்ரியன் தான் சுற்றிய மாகாணங்களைப் பெண்ணுருவாக்கினார். எகிப்துக்குப் பக்கத்தில் ஐபிஸ் பறவை, ஸ்பெயினுக்கு ஒலிவக் கிளையும் முயலும்.

சுருக்கத்தில் எதுவும் மிஞ்ச முடியாதது புரூட்டஸின் கி.மு. 42-ஆம் ஆண்டு டெனாரியஸ். விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி நடுவில், இரு பக்கமும் இரண்டு குத்துவாள்கள், கீழே மார்ச் மாதத்து ஐட்ஸ் நாள், அதாவது சீசர் கொல்லப்பட்ட மார்ச் 15. சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான அவர் தரப்பு நியாயம் இந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு வாள்களின் கைப்பிடிகளும் வெவ்வேறாக இருப்பதைக் கவனியுங்கள்.

எழுத்தையும் படமாகவே பாருங்கள். திராஜன் காலத்து அச்சுகளில் எழுத்தின் உயரமும் இடைவெளியும் கல்வெட்டுக்குரிய ஒழுங்கோடு விளிம்பைச் சுற்றி ஓடுகின்றன.

பிற்காலத்தில் கலை சரிந்துவிட்டதா?

மூன்றாம் நூற்றாண்டில் சரிந்தது உண்மை. பேரரசர் காலியெனஸ் ஆட்சியின் கடைசியில் வெள்ளிக் காசில் வெள்ளி நூற்றுக்கு 5 பங்குக்கும் கீழே போயிற்று. ஏராளமாக அடிக்க வேண்டிய அவசரத்தில் அச்சும் கோட்டு வேலையாகிவிட்டது. ஆனால் டயோக்ளீஷியன் காலத்துச் சதுரத் தலைகளைத் திறமைக் குறைவு என்று சொல்லக் கூடாது. பேரரசைச் சேர்ந்து ஆண்ட நான்கு ஆட்சியாளர்களும் ஒரே முகத்தோடு இருப்பதே அங்கே செய்தி. தங்கக் காசுகளில் தரமும் நின்றது. கான்ஸ்டன்டைனின் சாலிடஸ், சுமார் 4.5 கிராம், வானத்தை நோக்கும் அவர் கண்களோடு லைசிமாக்கஸின் அலெக்சாண்டரை நினைவூட்டும்.

தமிழகத்தில் கிடைத்த ரோமானியக் காசுகளில் கலையைப் பார்க்க முடியுமா?

நன்றாகவே முடியும். கோவை, கரூர் பகுதிகளில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் இரண்டு வகை மிகுதி: பேரப்பிள்ளைகள் காயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கும் அகஸ்டஸ் காசு, உட்கார்ந்த பெண்ணுருவம் கொண்ட டைபீரியஸ் காசு. இரண்டும் லுக்டுனம் வேலை. டைபீரியஸ் காசின் அச்சுகள் தரத்தில் பெரிதும் வேறுபடும். நாற்காலிக் கால்களைப் பார்த்தாலே நல்ல கையா, அவசரக் கையா என்று தெரியும். தென்னிந்தியாவில் இவற்றுக்குப் போலிப்படிகளும் உண்டாயின. இலத்தீன் தெரியாத கை வெட்டியதால் எழுத்துகள் வெறும் கோடுகளாகியிருக்கும்.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஆரியஸ் என்ற ரோமானியத் தங்கக் காசுகள் 501 கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. காசாகச் செல்லாமல் பொன்னாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்று வெட்டியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. அந்தப் பொன் எந்த உருவில் வந்தது என்பதை இந்தப் புதையல்கள் காட்டுகின்றன.

கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசில் பக்கவாட்டுத் தலையும் மேலே தமிழ்ப் பிராமியில் மாக்கோதை என்ற பெயரும் உண்டு. தலையை வட்டத்துக்குள் நிறுத்தி, பெயரை விளிம்பில் ஓடவிட்ட அமைப்பு ரோமானியக் காசைப் பார்த்த கண்ணுக்குரியது, முகம் மட்டும் உள்ளூர் முகம். இந்தக் காசைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

காசை எப்படிப் பார்க்க வேண்டும்?

ஓரத்தை விரல்களால் பிடியுங்கள், முகப்பைத் தொடாதீர்கள். கீழே மென்துணி இருக்கட்டும். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும், மேசையிலிருந்து விழுந்தாலே இரண்டாகலாம். ஒரே ஒரு விளக்கை இடது மேல் பக்கத்தில், தாழ்ந்த கோணத்தில் வையுங்கள். நேர் மேலிருந்து வரும் ஒளி புடைப்பைத் தட்டையாக்கிவிடும். காசை மெல்லச் சுழற்றினால் நிழல் நகர நகர முகம் மாறும். முதலில் வெறும் கண்ணால் முழு அமைப்பு, பிறகு 5 மடங்கு உருப்பெருக்கியில் வெட்டுக் கோடுகள், கடைசியாக 10 மடங்கில் எழுத்து முனை, விரிசல், மேற்பரப்பு. நேராக 10 மடங்கில் தொடங்கினால் மரத்தைப் பார்த்துக் காட்டைத் தவறவிடுவீர்கள்.

புகைப்படம் எடுப்பவர்கள் கைபேசியைக் காசுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கினால் விளிம்பு வளையாது.

கறுத்த காசைச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். எலுமிச்சை, புளி, பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம். பூஜைப் பாத்திரம் துலக்கும் முறை காசின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடும். வெள்ளியின் கரும்படிவமும் செம்பின் பசும்படிவமும் அடியிலுள்ள நுணுக்கத்தைக் காக்கின்றன. சில செம்புக் காசுகளில் அச்சு விவரம் அந்தப் படிவத்திலேயேதான் தங்கியிருக்கும், அதை நீக்கினால் உள்ளே குழிகள்தான் மிஞ்சும். தளர்ந்த மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீக்குவதே வீட்டில் செய்யத்தக்க எல்லை.

தூள்தூளாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் மட்டும் ஆபத்து. குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னும் நோய் அது. அந்தக் காசைப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்ந்த பெட்டியில் வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கும். கடலோர ஊர்களில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. பிவிசி உறைகளும் கூடாது. நாளாக ஆக அவை அமிலம் கசிந்து காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். மைலார் உறை நல்லது.

போலியை எப்படிக் கண்டறிவது?

எடையில் தொடங்குங்கள். நல்ல நிலையிலுள்ள ஏதென்ஸ் டெட்ராட்ராக்ம் 17 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், 15 கிராம் இருந்தால் கேள்வி எழும். அகஸ்டஸ் டெனாரியஸ் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அவர் ஆரியஸ் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிறகு ஓரத்தைப் பாருங்கள். வார்த்த போலியில் இரு பாதி சேர்ந்த தையல்கோடோ அதை அராவிய தடமோ இருக்கும். மேற்பரப்பில் சிறு குமிழிக் குழிகளும் சோப்புக்கட்டி போன்ற மழுங்கலும் வார்ப்பின் அடையாளம். அடித்த காசில் எழுத்தின் அருகே உலோகம் ஓடிய கோடுகள் தெரியும். ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

அச்சு வெட்டி அடித்த போலிகள் கடினமானவை. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் நூற்றுக்கணக்கான அச்சுகளை வெட்டினார். புதிய காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக் குலுக்கி, பழமையேற்றுவார். 16-ஆம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜியோவான்னி கவீனோ செய்த செஸ்டெர்டியஸ்கள் வேறு கதை. ரோமானியக் கலையின்மேல் மறுமலர்ச்சிக்காலக் கலைஞருக்கு இருந்த மரியாதை அவற்றில் தெரியும், இன்று அவற்றுக்கே தனி மதிப்பு. ஏமாறாமல் இருக்க ஒரே வழி, உண்மையான அச்சுகளின் படங்களை நிறையப் பார்த்துக் கண்ணைப் பழக்குவது.

எங்கே பார்க்கலாம்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தமிழகப் புதையல்களின் ரோமானியக் காசுகள் உள்ளன. வெளிநாட்டில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸ் தேசிய நூலகம், பெர்லின் போடே மியூசியம், ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகம். கடைசியாகச் சொன்னது டிராய் அகழ்ந்த ஹைன்ரிக் ஸ்லீமனின் பழைய மாளிகையில் இருக்கிறது. சிரகூசாக் காசுகளைச் சிரகூசாவிலேயே பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இணையத்தில் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் படத்தொகுப்பு இலவசம். ஓர் அச்சின் பத்துக் காசுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க அதுவே வசதி.

வயலிலோ ஆற்றிலோ பழைய காசு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

கழுவ வேண்டாம், பங்கு போட வேண்டாம், பொற்கொல்லரிடம் கொண்டுபோக வேண்டாம். கிடைத்த இடத்தையும் பானை, துணி போன்ற உடன்கிடைத்த பொருள்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காசுகள் எந்தப் பானையில், எத்தனை, எவற்றோடு இருந்தன என்பதே அவற்றின் காலத்தைச் சொல்லும். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வட்டாட்சியர் வழியாகவும் செய்தியைச் சேர்க்கலாம். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருள் ஆகிறது. தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவோ அனுப்பவோ முடியாது.